டயர் பாலிஷ் போட எதை எடுப்பது? ஸ்பாஞ்ச் முதல் பிரஷ் வரை ஒரு முழு வழிகாட்டி

கார் வாங்கிய புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டுக் கடைசியாக டயருக்குப் பாலிஷ் போட்டேன். பாட்டிலோடு ஸ்பிரே முனையும் வந்திருந்ததால் நேராக டயர் மேலேயே அடித்துவிட்டேன். புது டயர் மாதிரி பளபளவென்று இருந்தது. சாயங்காலம் குடும்பத்தோடு வெளியே போய்விட்டு வந்து பார்த்தால், முன் சக்கரத்துக்குப் பின்னால் ஆரம்பித்துக் கதவின் அடிப்பாகம் வரைக்கும், வெள்ளைப் பெயிண்ட் மேல் கடுகு வெடித்துத் தெறித்த மாதிரி கரும்புள்ளிகள். ஈரத்துணியால் துடைத்தால் புள்ளி ஒவ்வொன்றும் கோடாக இழுத்துக்கொண்டது. ஷாம்பு போட்டு இரண்டு தடவை கழுவிய பிறகுதான் போனது.

பாட்டில்தான் சரியில்லை என்று நினைத்து, அடுத்த மாதம் விலை கூடிய வேறொன்று வாங்கினேன். அதிலும் அதே புள்ளிகள். பிறகு ஒரு நாள் ஸ்பிரே முனை அடைத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் ஒரு ஸ்பாஞ்சில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்து, பழைய பனியன் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். நாள் முழுக்க ஓடியும் கதவில் ஒரு புள்ளி இல்லை. பாட்டில் அதேதான், மாறியது கையில் இருந்த பொருள் மட்டும்.

அதனால்தான் எந்த டயர் பாலிஷ் நல்லது என்று யாராவது கேட்டால், எதால் தேய்க்கப் போகிறீர்கள் என்று முதலில் கேட்கிறேன். டயரின் மேல் எவ்வளவு பாலிஷ் தங்குகிறது, எங்கே தேங்குகிறது என்பதை முடிவு செய்வது அப்ளிகேட்டர், அதாவது பூசப் பயன்படுத்தும் பொருள்தான்.

முதலில், ஏன் தெறிக்கிறது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 185/65 ஆர்15 அளவு டயரின் விட்டம் ஏறக்குறைய 62 சென்டிமீட்டர். ஒரு சுற்றுக்கு 1.95 மீட்டர் உருளும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அது நொடிக்கு 8 தடவைக்கு மேல் சுற்றுகிறது. அந்த வேகத்தில், டயரின் பக்கச்சுவர் நடுவில் இருக்கும் ஒரு துளியை வெளியே இழுக்கும் விசை, அந்தத் துளியின் எடையைப் போல 70 மடங்குக்கு மேல் இருக்கும். ரப்பரோடு ஒட்டிய மெல்லிய படலம் அதைத் தாங்கும். எழுத்துகளின் இடுக்கிலும் ரிம் ஓரத்திலும் தேங்கி நிற்கும் சொட்டு தாங்காது. அதுதான் பறந்து போய்க் கதவில் உட்காருகிறது.

ஆக, நமக்கு வேண்டியது மெல்லியதாக, ஒரே சீராக, இடுக்குகளுக்குள்ளும் போய், ஆனால் எங்கேயும் தேங்காமல் பூசித் தரும் பொருள். இந்த நான்கையும் ஒரே அப்ளிகேட்டர் எல்லா டயரிலும் செய்துவிடாது. உங்கள் பாட்டில் எது, உங்கள் டயர் எது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

படி 1: பாட்டிலில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று தண்ணீர் அடிப்படையிலானது. சிலிக்கான் எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக்கித் தண்ணீரில் கலந்திருப்பார்கள். பார்க்கப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், நெடி இருக்காது. பூசியதும் தண்ணீர் ஆவியாகி, மெல்லிய படலம் மிஞ்சும். பளபளப்பு அடக்கமாக இருக்கும், தொட்டால் பிசுபிசுப்பு குறைவு, புழுதியும் அவ்வளவாக ஒட்டாது.

இன்னொன்று பெட்ரோலிய கரைப்பானில் கலந்தது. பெரும்பாலும் கண்ணாடி மாதிரித் தெளிவாக, எண்ணெய்ப் பசையோடு, நெடியோடு இருக்கும். ஈரமாக இருப்பது போன்ற அழுத்தமான பளபளப்பு தரும், கூடுதல் நாள் நிற்கும். ஆனால் தூசியை அள்ளி ஒட்டிக்கொள்ளும். எளிதில் தீப்பற்றக்கூடியது, கையுறை போடாமல் தொடக்கூடாது. வீட்டில் செய்பவர்களுக்கு என் பரிந்துரை தண்ணீர் வகைதான். அதிலும் செம்மண் ரோட்டில் தினம் போய் வருபவர் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

வகை தெரிந்த பிறகு பதத்தைப் பாருங்கள். பாட்டிலைச் சாய்த்தால் தண்ணீராக ஓடுகிறதா, மோர்க்குழம்பு பதத்தில் இறங்குகிறதா, ஜெல்லாக நகர மறுக்கிறதா? நீர்த்ததுக்கு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் பொருள் வேண்டும், இல்லாவிட்டால் முழங்கை வரை வழியும். கெட்டியானதுக்கு அழுத்தி இழுத்துப் பரப்பும் பொருள் வேண்டும்.

படி 2: டயரை அளந்து பாருங்கள்

இதை யாரும் செய்வதில்லை. ஆனால் கடையில் நிற்கும்போது மிக உதவும் தகவல் இதுதான். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவைப் படியுங்கள். 185/65 ஆர்15 என்றால் டயரின் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 120 மில்லிமீட்டர். 165/80 ஆர்14 என்றால் 132. 215/60 ஆர்17 என்றால் 129. அதே கணக்கில் 225/40 ஆர்18 போட்ட செடான் காரில் வெறும் 90தான்.

அப்ளிகேட்டரின் அகலம் இந்த உயரத்தைவிட மூன்று, நான்கு சென்டிமீட்டர் குறைவாக இருக்கட்டும். 120 மில்லிமீட்டர் பக்கச்சுவருக்கு 8 சென்டிமீட்டர் பேட் அருமையாகப் பொருந்தும். 90 உள்ள டயருக்கு அதையே எடுத்தால் ஒரு முனை அலாய் வீலிலும் மறு முனை டயரின் பட்டன் (ரோட்டைத் தொடும் பகுதி) ஓரத்திலும் ஏறும். அங்கே 5 சென்டிமீட்டர் பேட் அல்லது 2 இன்ச் பிரஷ் சரி.

அப்புறம் விரலால் ஒரு தடவை தடவிப் பாருங்கள். வழவழப்பான பக்கச்சுவரா, எழுத்துகள் எழும்பி நிற்கின்றனவா, எஸ்யூவி டயர்களில் வருவது போல வரி வரியாகக் கட்டைகள் இருக்கின்றனவா? புது டயர் என்றால் குட்டிக் குட்டி ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். வார்க்கும்போது அச்சிலிருந்து காற்று வெளியேறும் துளைகளில் ரப்பர் புகுந்து உண்டானவை அவை. மென்மையான ஃபோமை இவை கிழித்துவிடும், மைக்ரோஃபைபரின் நூல் வளையங்களில் மாட்டி இழுக்கும். டயர் புதிது என்றால் முதல் சில மாதங்களுக்குப் பிரஷ் எடுங்கள்.

படி 3: அப்ளிகேட்டரைத் தேர்ந்தெடுங்கள்

*ஃபோம் ஸ்பாஞ்ச்*

அதிகம் விற்பது இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். ஃபோம் எல்லாம் ஒன்று கிடையாது. கடையில் கையில் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பாருங்கள். விரலும் விரலும் சுலபமாகத் தொட்டுக்கொண்டால் அது ரொம்ப மென்மையானது. பாலிஷை வயிறு முட்டக் குடித்துவிடும். டயரில் வைத்து அழுத்தியதும் குடித்ததை எல்லாம் ஒரே இடத்தில் கக்கும். சொட்டு தேங்குவது அப்படித்தான். கொஞ்சம் எதிர்த்து நிற்கும், பொடித் துளைகள் உள்ள கெட்டி ஃபோம்தான் வேண்டும். ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், துகள் உதிர்ந்தால் வைத்துவிடுங்கள். டயர் எழுத்துகளின் மேல் நான்கு தடவை தேய்த்தாலே அது பிய்ந்து, கறுப்பு டயரில் மஞ்சள் பொடியாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

வடிவத்தில், ஒரு பக்கம் குழிந்து வளைந்த ஃபோம் தனியாக விற்கிறார்கள். உப்பிய பக்கச்சுவர் மேல் அது அப்படியே உட்காரும், ஒரே இழுப்பில் பாதி டயர் முடிந்துவிடும். 165/80, 185/65 போன்ற உயரமான பக்கச்சுவருக்கு இது நல்ல தேர்வு. தட்டையான குட்டைச் சுவருக்கு அந்த வளைவு பொருந்தாது. நடுவில் படாமல் இரண்டு ஓரத்திலும் மட்டும் பூசும். மெழுகு பூச விற்கும் வட்ட மஞ்சள் ஸ்பாஞ்சை டயருக்கு எடுக்காதீர்கள். அது பெயிண்டுக்கானது, டயரில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

காசு கொடுக்காமல் நல்ல ஃபோம் வேண்டுமென்றால் சோபா, மெத்தை தைக்கும் கடைக்குப் போங்கள். கெட்டி ஃபோமில் வெட்டிய துண்டுகள் மூட்டையாகக் கிடக்கும். 8க்கு 6, தடிமன் 4 சென்டிமீட்டர் என்று கூரிய கத்தியால் வெட்டி, ஒரு விளிம்பை மட்டும் வளைவாகச் செதுக்கிக்கொண்டால் கடைப் பொருளுக்குக் குறையாது. ஜெல் வகைக்கு நான் இன்றைக்கும் இதைத்தான் வைத்திருக்கிறேன்.

*மைக்ரோஃபைபர் பேட்*

உள்ளே ஃபோம், மேலே மைக்ரோஃபைபர் துணி. நீர்த்த, பால் மாதிரியான தண்ணீர் வகைப் பாலிஷுக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. துணியின் இழைகள் திரவத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். எழுத்துகளின் ஓரத்துக்குள்ளும் ஓரளவு போகும். துவைத்துத் துவைத்துப் பல மாதம் பயன்படுத்தலாம்.

வாங்கும்போது தையலைப் பாருங்கள். பசை போட்டு ஒட்டியது கரைப்பான் பட்டால் பிரிந்துவிடும். நான்கு பக்கமும் தைத்ததுதான் நிற்கும். முதல் தடவை எடுப்பதற்கு முன் ஒரு முறை அலசிக் காயவைத்தால் உதிர்கிற பிசிறு போய்விடும். கெட்டி ஜெல்லுக்கு மட்டும் இது ஏற்றதல்ல. ஜெல் இழைகளுக்கு மேலேயே படிந்து, திட்டுத் திட்டாக இறங்கும்.

*பிரஷ்*

எழும்பிய எழுத்து, கட்டை கட்டையான எஸ்யூவி டயர், புது டயர், குட்டைச் சுவர் — இந்த நான்குக்கும் பிரஷ்தான். ஃபோமும் துணியும் மேடுகளின் தலையை மட்டும் தடவிவிட்டுப் போகும். பிரஷ் முடிகள் பள்ளத்துக்குள் இறங்கும். பள்ளம் பழுப்பாகவும் மேடு கறுப்பாகவும் தெரிகிற டயரைப் பார்த்திருப்பீர்கள், அது ஸ்பாஞ்சின் வேலை.

கார் கடையில் டயர் பிரஷ் என்று தனியாகக் கிடைக்கிறது. ஆனால் நான் சொல்வது பெயிண்ட் கடைப் பிரஷ். எங்கள் தெருமுனைக் கடையில் முதல் தடவை கேட்டது நினைவிருக்கிறது.

"அண்ணே, 2 இன்ச் பிரஷ் ஒண்ணு குடுங்க. முடி கெட்டியா இருக்கணும்."

"எதுக்கு தம்பி? கேட்டுக்கா, கதவுக்கா?"

"கார் டயருக்குண்ணே."

அவர் ஒரு நொடி பார்த்துவிட்டு, உள்ளே போய் நைலான் முடி போட்ட ஒன்றை எடுத்து வந்தார். "இது ஆயில் பட்டா ஒண்ணும் ஆகாது. முடி கொட்டாது," என்று நுனியைப் பிடித்து இழுத்துக் காட்டினார். அவர் இழுத்துக் காட்டியதுதான் சரியான சோதனை. பத்து முடியைச் சேர்த்துப் பிடித்து இழுங்கள், ஒன்று கையோடு வந்தாலும் வேறு எடுங்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு வேலை. முதலில், நீளமான முடியைக் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டுங்கள். 3 சென்டிமீட்டர் போதும். நீள முடி வளைந்து துள்ளும், துள்ளும்போது பாலிஷை ரிம் மேல் தெறிக்கும். குட்டை முடி அழுத்தத்துக்கு நிற்கும். இரண்டாவது, முடியையும் கட்டையையும் சேர்த்துப் பிடித்திருக்கும் தகரப் பட்டை மேல் இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று சுற்றுங்கள். ஒரு தடவை கை தவறி அலாய் வீலில் அந்தத் தகரம் உரசினால் கீறல் அப்படியே நிற்கும்.

பிரஷின் குறை ஒன்றுதான்: கோடு கோடாக விட்டுப்போகும், இடுக்கில் அதிகமாகவும் இறக்கிவிடும். அதனால் பிரஷ் போட்டால் பின்னாலேயே துணியால் துடைப்பது கட்டாயம்.

*கைப்பிடி வைத்தவை*

பிளாஸ்டிக் கைப்பிடி, நுனியில் ஃபோம், மேலே மூடி என்று வருகிறது. கை அழுக்காகாது. மட்கார்டுக்குள் பாதி மறைந்திருக்கும் பின் டயரின் மேல்பகுதிக்கு எட்டும். முதுகு வலி உள்ளவர்களுக்கு நிஜமாகவே உதவி. ஆனால் விரலால் அழுத்தும் அளவு இதில் அழுத்தம் தெரியாது, ஒட்டிய ஃபோம் தனியாகக் கழன்று வருவதும் உண்டு. மாற்று ஃபோம் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

*வீட்டில் கிடப்பவை*

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் அவசரத்துக்கு ஆகும். ஆனால் அதன் பச்சைப் பக்கம் தவறி ரிம்மில் பட்டால் கீறும், அதைப் பிய்த்து எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பனியன் துணியால் பாலிஷ் பூச வேண்டாம், பருத்தி பாதிப் பாலிஷைத் தானே குடித்துவிடும். அந்தக் குணமே துடைத்தெடுக்கும் வேலைக்கு அதை ராஜாவாக்குகிறது. பழைய சாக்ஸ் ஒன்றை ஸ்பாஞ்ச் மேல் மாட்டினால் மைக்ரோஃபைபர் பேடுக்குப் பக்கத்தில் வரும். டூத்பிரஷ் எழுத்துகளின் உள்ளே தொட்டுவிட நல்லது.

எந்த முனையில் வந்தாலும் சரி, ஸ்பிரேயை டயர் மேல் நேராக அடிக்காதீர்கள், அப்ளிகேட்டர் மேல் அடியுங்கள். கதவில் தெறிப்பது அழகுப் பிரச்சினை. அலாய் வீலின் கம்பிகளுக்கு நடுவே உள்ளே தெரிகிற பிரேக் டிஸ்க் மேல் சிலிக்கான் படிந்தால் அது உயிர்ப் பிரச்சினை. பட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தால் பிரேக் கிளீனரால் டிஸ்க்கைத் துடைக்காமல், பிரேக் பிடிக்கிறதா என்று மெதுவாக ஓட்டிப் பார்க்காமல் ரோட்டுக்கு எடுக்காதீர்கள். பிரேக் பேடே ஊறிவிட்டது என்றால் மெக்கானிக்கிடம் காட்டித்தான் ஆக வேண்டும்.

படி 4: டயரைச் சுத்தம் செய்யுங்கள்

அழுக்கு டயரில் பூசினால் முதல் சக்கரத்திலேயே அப்ளிகேட்டர் சேறாகிவிடும். மற்ற மூன்றுக்கும் அந்தச் சேற்றைத்தான் பூசுவீர்கள்.

டயர் பழுப்பாவது வெறும் ரோட்டு அழுக்கால் மட்டும் இல்லை. காற்றில் இருக்கும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யாமலிருக்க, 6பிபிடி என்ற ரசாயனத்தை டயர் தயாரிக்கும்போதே கலக்கிறார்கள். அது மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வந்து, ஓசோனோடு வினைபுரிந்து பழுப்பாகிறது. டயர் தன்னைக் காத்துக்கொள்வதன் அடையாளம் அது. ஆனால் அதன் மேல் பாலிஷ் சரியாக ஒட்டாது. பழைய பாலிஷின் மிச்சமும் அதோடு கலந்து ஒரு பசைப் படலமாக இருக்கும்.

டயர் கிளீனரோ ஆல் பர்ப்பஸ் கிளீனரோ அடித்து, கெட்டி நைலான் பிரஷால் தேயுங்கள். முதல் நுரை டிகாக்‌ஷன் நிறத்தில் வழியும். அலசிவிட்டு மறுபடி தேயுங்கள். நுரை வெள்ளையாகவே நிற்கும் வரைக்கும் விடாதீர்கள். பல மாதம் கவனிக்காத டயருக்கு மூன்று, நான்கு தடவைகூட ஆகும். டீசல், மண்ணெண்ணெய் எதையும் டயரில் போடாதீர்கள், ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். வாட்டர் சர்வீஸ் கொடுக்கும்போதும் டயரில் டீசல் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பிறகு துணியால் ஒற்றிவிட்டு, கால் மணி நேரமாவது காயவிடுங்கள். எழுத்து இடுக்கில் தண்ணீர் நின்றால் பாலிஷ் அங்கே நீர்த்துப்போய் வெள்ளைத் தடமாகக் காயும். வெயிலில் நின்று சூடான டயர் என்றாலும் ஆகாது, பூசப் பூசக் காய்ந்து திட்டு விழும். நிழலில், புறங்கையால் தொட்டால் குளிர்ந்திருக்கும் டயரில்தான் வேலை.

படி 5: பூசும் முறை

காய்ந்த அப்ளிகேட்டர் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். அதனால் முதல் டயருக்கு மட்டும் இரண்டு தேக்கரண்டி அளவு எடுங்கள். அதை பேடின் நடுவில் குவியலாக விடாமல் கோடாக இட்டு, டயரின் நாலைந்து இடத்தில் ஒற்றி வையுங்கள். பிறகு பரப்புங்கள். அடுத்தடுத்த டயர்களுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி போதும். பெரிய எஸ்யூவி டயருக்கு ஒன்றரை. பத்தவில்லை என்று தோன்றும். பரப்பிப் பாருங்கள், பத்தும்.

டயரைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 12 மணியிலிருந்து 3 மணி வரை ஒரு பகுதி, 3 முதல் 6 வரை அடுத்தது. ஒவ்வொரு பகுதியிலும் பக்கச்சுவரின் நடுவில் ஆரம்பித்து வளைவாக இழுங்கள். பேடில் ஈரம் குறைந்த பிறகு ரிம் ஓரத்துக்கும் வெளி ஓரத்துக்கும் போங்கள். ஈரம் நிறைந்த பேடை எடுத்ததும் ரிம் ஓரத்தில் வைத்தால் பாலிஷ் அந்த இடுக்கில் ஓடி உட்கார்ந்துவிடும், அடுத்த நாள் அங்கிருந்துதான் தெறிக்கும். எழுத்துகள் இருக்கும் இடத்தில் இடமிருந்து வலம் ஒரு தடவை, வலமிருந்து இடம் ஒரு தடவை. ஒரே திசையில் போனால் எழுத்தின் பின்பக்கம் பூசாமல் நிற்கும், சாய்ந்த வெயிலில் பளிச்சென்று தெரியும்.

முன் டயர்களுக்கு ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டால் டயர் வெளியே வந்துவிடும், கை சுலபமாகப் போகும். பின் டயரில் மேல்பகுதி எட்டாவிட்டால், முக்கால்வாசியை முடித்துவிட்டு, சக்கரம் அரைச் சுற்று உருளும் அளவு வண்டியை நகர்த்துங்கள்.

டயரின் பட்டன் பகுதியில், அதாவது ரோட்டைத் தொடும் இடத்தில், ஒரு துளிகூடப் படக்கூடாது. வழுக்கும். இருசக்கர வாகன டயருக்கு எந்த அப்ளிகேட்டராலும், எந்தப் பாலிஷும் போடாதீர்கள். திருப்பத்தில் பைக் சாயும்போது டயரின் ஓரமும் ரோட்டைத் தொடும். அங்கே பாலிஷ் இருந்தால் வண்டி கீழே கிடக்கும். மிச்சம் இருக்கிறதே என்று பக்கத்தில் நிற்கும் ஸ்கூட்டருக்கும் ஒரு தேய் தேய்த்துவிட்டுப் போகும் பழக்கத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படி 6: துடைத்தெடுங்கள்

நான்கு டயரும் முடிய ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். அதற்குள் முதல் டயர் தயாராகியிருக்கும். காய்ந்த பனியன் துணியை நான்காக மடித்து, லேசாக, அழுத்தாமல் ஒரு சுற்று வாருங்கள். எழுத்து இடுக்கிலும் ரிம் ஓரத்திலும் துணியின் முனையை விரலால் செருகி ஒற்றி எடுங்கள். துணியில் கறுப்பு ஈரம் வருகிறதா? அவ்வளவும் கதவுக்குப் போயிருக்க வேண்டியது. இப்போது விரலால் தொட்டுப் பார்த்தால் வழவழப்பு இருக்கலாம், விரலில் ஈரம் ஒட்டக்கூடாது.

இன்னும் கறுப்பாக வேண்டும் என்று நினைத்தால் இந்த நேரத்தில் இரண்டாவது மெல்லிய பூச்சு கொடுங்கள். தடிமனான ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சு சீராக இருக்கும். பிறகு வண்டியை ஒரு மணி நேரமாவது நிற்கவிட்டு எடுங்கள். பாட்டிலில் அதைவிட அதிக நேரம் போட்டிருந்தால் அதன்படி. நான் சனிக்கிழமை சாயங்காலம் பூசிவிட்டு மறுநாள் காலைதான் எடுப்பேன்.

படி 7: அப்ளிகேட்டரைக் கழுவி வையுங்கள்

தண்ணீர் வகைப் பாலிஷ் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுப் பிசைந்து, தண்ணீர் தெளிவாகும் வரை அலசுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் அழுத்துங்கள். முறுக்கினால் ஃபோம் உள்ளே கிழியும். காயவைப்பது நிழலில். வெயிலில் போட்ட ஃபோம் மஞ்சளாகிப் பொடியாக உதிர ஆரம்பிக்கும்.

கரைப்பான் வகை அவ்வளவு எளிதில் போகாது. அதற்கென்று ஒரு ஸ்பாஞ்ச் ஒதுக்கி, கழுவாமல் பழைய டப்பாவில் மூடி வைத்து, அதே பாலிஷுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அடுப்பு, பூஜை விளக்கு பக்கம் அந்த டப்பா இருக்கக்கூடாது. இரண்டு வகைப் பாலிஷுக்கும் ஒரே பேடைப் பயன்படுத்தினால் எண்ணெய்ப் பசை மேல் தண்ணீர் வகை ஒட்டாமல் திட்டாகும்.

டயருக்குப் போட்ட மைக்ரோஃபைபரையும் கண்ணாடி, பெயிண்ட் துடைக்கும் துணிகளையும் ஒன்றாகத் துவைக்க வேண்டாம். சிலிக்கான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறும். பிறகு முன் கண்ணாடியைத் துடைத்தால், இரவில் மழை பெய்யும்போது எதிர் வண்டி வெளிச்சம் கண்ணாடி முழுக்கப் படரும். டயர் சாமான்களை எல்லாம் ஒரு மூடி போட்ட டப்பாவில் போட்டு, மேலே மார்க்கரால் 'டயர்' என்று பெரிதாக எழுதிவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது கார் துடைக்க இறங்கினால் கை மாறிப் போகாது.

ஃபோம் ஓரம் உதிர ஆரம்பித்தாலோ, நசுக்கினால் பழையபடி எழும்பாவிட்டாலோ மாற்றிவிடுங்கள். பிரஷ் பல வருடம் வரும். நான் அந்தப் பெயிண்ட் கடையில் வாங்கிய நைலான் பிரஷின் டேப்பை மூன்று தடவை மாற்றிச் சுற்றிவிட்டேன், முடி இன்னும் கொட்டவில்லை.